ஓர் உடலில் இரு புழுக்கள்



ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலே, பாய்ந்தோடும் ஆற்றில் பெருகும் கருப்பு ஈ பலமுறை கடித்தால் நுண்புழு பரவி உழவன் கண் குருடாகிறது. காட்டு ஈ கடித்தாலோ, ‘லோவா’ என்னும் வேறொரு புழு. இரண்டும் ஒரே உடலில் குடியிருப்பதுண்டு.

குருட்டைத் தடுக்கும் மருந்து ஐவர்மெக்டின். ஆனால் இரத்தத்தில் லோவா மிகுந்தவர் அதை உண்டால் மூளை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். ஆகவே பல கிராமங்களுக்கு மருந்தே போகவில்லை.

2015இல் ஒகோலா வட்டாரத்தில் 16,259 பேரின் விரல்நுனி இரத்தத்தைக் கைபேசி நுண்நோக்கியால் சோதித்தார்கள். லோவா மிகுந்த 340 பேருக்கு மருந்தை நிறுத்தினார்கள். வேறு காரணங்களால் விலக்கப்பட்டவர் போக, 15,522 பேர் உண்டார்கள். ஒருவருக்கும் கடும் தீங்கு நேரவில்லை.

நாம் சொல்வது இதுதான்: ஏழைக்கு மாத்திரையை வீசிவிட்டுப் போவது வைத்தியமல்ல. சோதனையும் குடிசைக்கு வரவேண்டும். அது தர்மமல்ல, உழைப்பவன் உரிமை!