குத்தகைப் பத்திரத்தில் இடம்பெறாதோர்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் நன்மைகளை மறுப்பது நமது வேலையன்று. சூரிய மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டியதில்லை; புகையில்லை; மலைமலையாய்ச் சாம்பல் குவிவதில்லை. 2017இல் ராஜஸ்தானின் பட்லா மின்பூங்காவுக்கான ஏலத்தில் யூனிட் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது.

குறை என்றதும் எல்லோரும் இரவைத்தான் சொல்வார்கள். வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் சூரியத் தகடுகள் ஓய்ந்துவிடுகின்றன. மின்கலச் சேமிப்போ நீரேற்று மின்நிலையமோ தேவைப்படுகிறது. முதலீடு செய்தால் தீரக்கூடிய பொறியியல் சிக்கல் அது. தானாகத் தீராத குறை வேறொன்று உண்டு.

கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தில் பாவகடா வட்டம் வறட்சிக்குப் பெயர்போனது. அங்கு ஐந்து கிராமங்களில், ஏறத்தாழ 13,000 ஏக்கரில், 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா அமைந்துள்ளது. நிலம் பறிக்கப்படவில்லை, குத்தகைக்குப் பெறப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். ஈராண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. வானம் பார்த்த பூமியில் நிலக்கடலை விதைத்து நொடித்துப்போன விவசாயிக்கு இது பெரிய ஆறுதல். நில ஆர்ஜிதத்தைவிட மேலான ஏற்பாடு என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வாடகை ஏக்கர் கணக்கில் வருகிறது. பத்து ஏக்கர் உடையவருக்கு 2,10,000 ரூபாய். ஓர் ஏக்கர் உடையவருக்கு 21,000. ஏதும் இல்லாதவருக்கு ஏதும் இல்லை. நேற்றுவரை அந்த வயல்களில் களையெடுத்த பெண்கள், கடலை பறித்த கூலிகள், ஆடு மேய்த்தவர்கள் எவருக்கும் குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை. புல் வெட்டுதல், தகடு துடைத்தல், காவல் என எஞ்சிய வேலைகளும் சிலருக்கே கிடைக்கின்றன.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆவணங்களில் 'வேஸ்ட்லேண்ட்' என்று வருமிடத்தில் 'தரிசு' என்று எழுதக் கை தயங்குகிறது. ஆட்டுக்காரருக்கு அது மேய்ச்சல் நிலம். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் தெய்வத்துக்கென்று விடப்பட்ட ஓரண் காடுகளைக் காக்க மக்கள் போராடுவதும் இந்தச் சொல்லுக்கு எதிராகத்தான்.

மின்பூங்காவே வேண்டாம் என்பது நமது நிலைப்பாடாகாது. நில உரிமையாளர் பட்டியலோடு, அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தோர் பட்டியலும் தயாரிக்கப்பட வேண்டும். அவர்களது வேலையிழப்புக்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை வேண்டும். குத்தகைப் பேச்சு தொடங்கும்போதே விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் அப்பட்டியலை எடுத்துவிட வேண்டும். கையெழுத்தான பிறகு கொண்டுபோனால் வாங்கிப் பார்க்கவும் ஆளிருக்காது.