சர்வர் கண்விழிக்கும் நேரம்

(சிந்தாதிரிப்பேட்டையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



நாம் கூடியிருக்கும் இந்தச் சிந்தாதிரிப்பேட்டையில்தான் ரிச்சி தெரு இருக்கிறது. ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், மூன்று வோல்ட் பேட்டரி ஒன்றைத் தேடி அங்கே போனேன்.

அன்று காலை ஆய்வகத்தில் சர்வர் எழவில்லை. விசிறி சுற்றியது, மாணவர் கணினிகள் எல்லாம் இருட்டு. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். மானிட்டரை இணைத்துப் பார்த்தால் ஒரு வரி: கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது!

மின்சாரம் வந்ததும் கணினி முதலில் தன்னையே சோதித்துக்கொள்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலும் இது இருந்தது. எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு பீப். எந்தப் பிழைக்கு நிற்க வேண்டும், எதற்கு நிற்க வேண்டாம் என்பதை பயாஸில் நாம் சொல்லலாம். எங்கள் சர்வரில் கீபோர்டு இல்லாவிட்டாலும் தொடரும்படிதான் முன்பு வைத்திருந்தார்கள். விடுமுறையில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தது; அமைப்பு அழிந்து, எல்லாப் பிழைக்கும் நிற்கும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது.

பேட்டரியை மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். இனி எதற்குமே நிற்காதே என்று அமைத்துவிட்டேன். நினைவகச் சோதனைக்கு ஆகும் சில நிமிடங்களும் பொறுக்காமல் விரைவுத் தொடக்கத்தையும் போட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

சில மாதங்களில் பிராசசர் விசிறி நின்றது. சர்வர் அதைக் கண்டுபிடித்துத் திரையில் காட்டியிருக்கும். ஆனால் நிற்காமல் போய்விட்டது, நான்தான் வாயை அடைத்திருந்தேனே. தேர்வின் நடுவே சூடேறி அணைந்தது. "சார், எல்லாம் முடிச்சிட்டேன் சார்," என்றாள் ஒரு மாணவி. அவள் எழுதிய விடைகள் எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் அத்தனை பேரும் மீண்டும் எழுதினார்கள்.

இப்போது கீபோர்டுக்கு மட்டும் விலக்கு. விசிறி, நினைவகம், வட்டு எதில் பிழை வந்தாலும் நிற்கும். முழு நினைவகச் சோதனையை யாரும் காத்திருக்காத விடுமுறை நாளில் ஓடவிடுகிறேன். பயாஸ் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, அச்சிட்டு, சர்வரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். பேட்டரி மாற்றிய தேதியும் அதிலேயே இருக்கிறது.