தலைக்குக் குளித்த நாள்

மாதவிடாய், மகப்பேறு நலனுக்கான எண்ணிமக் கருவிகளைப் பற்றிப் பேச மருத்துவமும் கணினியும் ஒரே அரங்கில் கூடியிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

மகப்பேறு மருத்துவராக நான் தினமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?" தேதி சொல்பவர்கள் சிலரே. "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் டாக்டர்", "எங்க ஊர்க் கொடைக்கு முந்தின வெள்ளி" என்றுதான் பதில் வரும். குளித்த நாளா, உதிரம் பட்ட முதல் நாளா என்று திரும்பக் கேட்டுத் தெளிந்த பிறகே, 280 நாள் கூட்டிப் பிரசவத் தேதி குறிப்போம். அந்த முதல் கேள்வியை இன்று கைபேசிச் செயலியும் கேட்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்க அதற்கு நாம்தான் கற்றுத்தர வேண்டும்.

மாதவிடாய்ச் சுழற்சிக்குச் சொல்லப்படும் 28 நாள் என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தது. சராசரி 29.3 நாள், சரியாக 28 நாளில் முடிந்தவை 13 விழுக்காடு மட்டுமே. சினைப்பை நீர்க்கட்டி உள்ள கல்லூரி மாணவிக்கு நாள் தள்ளிப்போவது வழக்கம். அவளைத் தினமும் அச்சுறுத்தும் அறிவிப்பால் பயனில்லை. அவள் குறித்துவைத்த ஆறு மாதப் பதிவோ எனக்குப் பெரும் துணை. 'பாதுகாப்பான நாள்' என்று திரை காட்டுவதை மட்டும் நம்பிக் கருவுற்றவர்களையும் பார்க்கிறேன். கருமுட்டை வெளிப்படும் நாள் மாதத்துக்கு மாதம் நகரும். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். இதைச் சொல்லாத கருவி பாதி உண்மையே சொல்கிறது.

கருவி எல்லோரையும் எட்டவும் வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ளவர்கள் 54 விழுக்காடு. 2013இல் பீகாரில் தொடங்கிய கில்காரி சேவை, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, வாரந்தோறும் சாதாரணக் கைபேசியில் அழைத்துக் குரலாகப் பேசியது. எழுத்தறியாத தாய்க்கும் அது புரிந்தது.

என் தாயார் சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அதன் பொருள் அவருக்கு மட்டுமே தெரியும். செயலியில் வைக்கும் புள்ளி எங்கெங்கோ போகிறது. பயனர்களின் தகவலை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலிமீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டு, 2021இல் உடன்பாட்டில் முடிந்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. அம்மாவிடம் சொல்லவும் கூசும் 14 வயதுப் பெண்ணுக்கு இது துணையா, தடையா? இந்த அவை விவாதிக்க வேண்டும்.

இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் இரண்டு சோதனைகளில் தேறட்டும்: ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்று சொல்பவரின் பேச்சு அந்தக் கருவிக்குப் புரிகிறதா? என் தாயாரின் பென்சில் புள்ளியைப் போல அது ரகசியம் காக்கிறதா? இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.