கால் பங்கும் மீதி முக்காலும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று விழாக் குழுவினர் எனக்கு உரிமை தந்தனர். பரந்த பொருளை எடுத்துக்கொண்டால் பேச்சும் பரந்து கரைந்துவிடும். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் சமூக அறிவியலும் கைபேசி வழியாக நடத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது முடிந்துபோன கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். 2020 சூனில் ஏழாம் வகுப்பிற்கு வந்த பிள்ளைகள் 2025-26 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியவர்கள். இந்த மண்டபத்திலும் அவர்களில் சிலர் இருக்கிறார்கள். அதனால் கதை இன்னும் முடியவில்லை என்றே கருதுகிறேன்.

நான் 58 வயது நிறைந்து 2020 மே திங்களில் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவன். அந்த மே திங்களிலேயே ஓய்வு வயது 59 ஆயிற்று; மறு ஆண்டு 60 ஆயிற்று. இப்படிக் கூடுதலாகக் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை நான் ஒரு வகுப்பறைக்குள்ளும் செலவிடவில்லை. ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். ஆள் பற்றாக்குறையால் சமூக அறிவியலும் என் பொறுப்பில் இருந்தது. 2020 மார்ச்சு நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. 2021 தொடக்கத்தில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளைச் சில வாரங்களாவது திறந்தார்கள். நம் நடுநிலை வகுப்புகளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2021 நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டு வரை பிள்ளைகள் பள்ளிப் படியேறினர். இடையில் கழிந்தவை பத்தொன்பது திங்கள்கள்.

பாடம் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். 2019 ஆகத்தில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, வகுப்பு வாரியாக நேரம் குறித்துப் பாடங்களை ஒளிபரப்பியது. புதிய பாடநூல்களில் அச்சிட்டிருந்த க்யூ ஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் காணொலி வந்தது. ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்புக்கு ஒரு குழு அமைத்தோம். அதைப் ‘புலனக் குழு’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘வாட்ஸ்அப்’ என்றால்தான் பிள்ளைகளுக்கு விளங்கியது. தமிழாசிரியன் தோற்ற இடங்களில் அதுவும் ஒன்று.

ஆயினும் வீட்டுக்கு ஒரு கைபேசி. அதற்குப் போட்டியாளர் மூவர். என் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அந்த ஒரு கைபேசியும் தந்தையோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். வந்ததும் முதலில் பத்தாம் வகுப்பு அண்ணனின் கணக்குக்குப் போகும். பிறகு அறிவியலுக்குப் போகும். "சமூக அறிவியல்தானே, புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்" என்று சொல்லாத வீட்டை நான் கண்டதில்லை. தமிழுக்கும் அதே தீர்ப்புதான். பெற்றோரைக் குறை கூறவில்லை. ரீசார்ஜ் செய்த தொகைக்கு எது முதலில் என்று அவர்கள் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. ஆனால் ‘படித்துக்கொள்ளலாம்’ என்னும் அந்த எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத்தான் சற்று விரித்துப் பேச விரும்புகிறேன்.

ஏழாம் வகுப்பில் சோழர் வரலாறு வருகிறது. அதில் உத்திரமேரூர்க் கல்வெட்டு உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டளவில், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளை அது சொல்கிறது. 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடைமை, வேதம் கற்றிருத்தல் ஆகியவை தகுதிகள். சபைப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க இயலாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள்.

ஆண்டுதோறும் இப்பாடத்தை நான் ஒரு பித்தளைக் குடத்தை வைத்து நடத்துவேன். பனையோலை நறுக்குகளில் பிள்ளைகள் தம் பெயரை எழுதி இடுவார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பயலை அழைத்துவந்து எடுக்கச் சொல்வேன். அவன் குடத்துக்குள் கைவிட்டு வெளியே எடுக்கத் தெரியாமல் விழிப்பான், வகுப்பே சிரிக்கும். கணக்குக் காட்டாதவர் உறவினருக்கும் தடை என்றதும் எவனாவது ஒருவன் தன் ஊரில் யாரையோ எண்ணிக்கொண்டு அடக்க முடியாமல் சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஓயும்போது ஒரு பெண் எழுந்து, "ஐயா, நிலம் இல்லாதவங்க நிக்க முடியாதா?" என்பாள். "பொம்பளைங்க?" என்பாள் இன்னொருத்தி. "அப்படின்னா இதை எப்படி ஐயா மக்களாட்சின்னு சொல்றது?" என்று ஒருவன் முடிச்சுப் போடுவான். என் பாடம் அங்கேதான் தொடங்கும். அதுவரை நடந்தது செய்தி சொல்லுதல் மட்டுமே.

2020இல் அதே பாடத்தைக் குழுவில் நடத்தினேன். காணொலி நன்றாகவே இருந்தது. கல்வெட்டுள்ள கோயிலைக் காட்டினார்கள். அதை நான் என் வகுப்பில் ஒருநாளும் காட்டியதில்லை. பார்த்து முடித்தவர்களின் நீல நிற இரட்டைக் குறிகள் வந்தன. ‘குடவோலை முறை பற்றி எழுதுக’ என்று கேட்டேன். விடைத்தாள்களின் படங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் ஒரே விடை; ஒரே உரைநூலிலிருந்து எடுத்தவை; ஒருவர் விட்ட காற்புள்ளியை எல்லாரும் விட்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கணக்கு பிழையானால் விடை பிழையாகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வரலாற்றில் அப்படி இல்லை. பிள்ளை விடையைச் சரியாக எழுதியிருக்கும். உள்ளே ஒன்றும் நடந்திருக்காது.

இங்கே நன்னூலை நினைவூட்ட வேண்டும். பவணந்தி முனிவர் இலக்கணம் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் யார், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்று வகுத்துச் சொல்கிறார். நம்மவர் செய்த நூல் என்ற பெருமையோடு நாம் நின்றுவிடுகிறோம். வகுப்பறையைப் பற்றி அவர் போட்ட கணக்கைப் பார்ப்பதில்லை. ஆசிரியர் சொல்வதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான் என்கிறார். உடன் கற்பவரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால். தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய இரண்டு காலும் வந்து சேரும். ஒரு முறைக்கு இருமுறை கேட்டால் பிழை குறையும், மும்முறை கேட்டால் எடுத்துரைக்கும் முறை பிடிபடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் இணையவழிக் கல்விக்கு நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. மும்முறை கேட்கும் வசதியைக் காணொலி தந்தது. வகுப்பில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, "இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்று கேட்க நாணும். அந்தப் பிள்ளை நள்ளிரவிலும் அதே பாடத்தைத் திரும்பக் கேட்டது. இதைக் குறைத்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது தந்தது முதல் கால் பங்கை. உடன் கற்போரும் எடுத்துரைக்கும் வாய்ப்பும் காணாமற்போயின. கணக்கும் அறிவியலும் இதனால் இழந்தன. தமிழும் வரலாறும் ஏறக்குறைய முழுவதையும் இழந்தன. ஏனெனில் அப்பாடங்களில் பிறர் சொல்வதற்கு மறுமொழி சொல்வதே பயிற்சி.

முக்காலை மீட்க வழியுண்டா என்று தேடியபோது எனக்கு ஒன்று கிடைத்தது. ஏழாம் வகுப்பின் மூன்றாம் பருவ நூலில் தமிழகத்தில் சமணம், பௌத்தம், ஆசீவகம் பற்றிய பாடம் இருக்கிறது. பாடப்பகுதியைக் குறைத்திருந்த காலம் அது. குறைத்த பகுதியில் இது உண்டா இல்லையா என்று பார்க்காமலே நடத்தினேன். அவ்வகுப்பில் நம் சமுதாயப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளிடம், "நீ விடை எழுதி அனுப்ப வேண்டா. இருட்டிய பின் நம் வீடுகளில் ஏன் உண்பதில்லை என்று உன் பாட்டியைக் கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்து குழுவில் போடு" என்றேன்.

மூன்று நிமிடப் பதிவு வந்தது. பாட்டியார் நிதானமாகச் சொன்னார்: இருளில் சோற்றில் விழும் சிற்றுயிர் கண்ணுக்குப் புலப்படாது, நாம் அறியாமலே ஓர் உயிரைக் கொன்றவர் ஆவோம். அதுவரை நீலக் குறிகளால் மட்டும் பேசிய குழு அன்றிரவு விழித்துக்கொண்டது. "எங்க வீட்டுக் கூரையில கரண்டு லைட் எரியுதே, இப்ப தெரியுமே பாட்டி?" என்று ஒரு பையன் குரற்பதிவு அனுப்பினான். "பாலில்கூட உயிர் இருக்குமா?" என்றாள் ஒருத்தி. "நெல்லுக்கு மருந்தடிச்சா பூச்சி சாகுதே, அந்தச் சோற்றைச் சாப்பிடலாமா?" என்றான் உழவர் வீட்டுப் பிள்ளை. அந்தக் கேள்விக்கு நானும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் பாட்டியார் முதற் கேள்விக்கு மட்டும் மறுமொழி அனுப்பினார்: "ஏன்பா, பூச்சி இருட்டுக்கு நிறைய வருமா, விளக்குக்கு நிறைய வருமா?"

அந்தப் பேத்தி பிறகு பல நாள் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தாள். தெரியாததைப் பாட்டியிடம் கேட்டுவந்தாள். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அவள். முகம் தெரியாமல் குரல் மட்டும் போகும் என்பதே அவளுக்குத் துணிவு தந்திருக்க வேண்டும். அதன்பின் வேறு வீடுகளையும் கேட்கச் சொன்னேன். ஏரிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, கிணறு வெட்டியவர் யார், இன்று காணாமற்போன நெல் வகைகள் எவை என்று தாத்தாக்கள் பேசினார்கள். கைபேசி இல்லாத பிள்ளைகளுக்கு இது எட்டவில்லை; அக்குறை கடைசிவரை தீரவில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலைதோறும் தெருத் திண்ணையில் தன்னார்வலரைச் சுற்றிச் சிறு குழுவாக அமர்ந்தபோதுதான் அவர்களுக்கும் உடன் கற்போர் கிடைத்தனர்.

பள்ளி திறந்த பின் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் அமைதியாக அமர்ந்திருந்தார்கள். ஆசிரியர் பலர் அதை ஒழுக்கம் என்று பாராட்டினார்கள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. ‘ஏன்’ என்று கேட்டால், "ஐயா, இதுக்கு விடை எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார்கள். நான்கு வரி தொடர்ந்து எழுதக் கை ஓடவில்லை. குரற்பதிவுகளில் கலந்துகொண்ட சிலர் மட்டும் ஒருவரோடொருவர் வாதிட்டார்கள். இரண்டு பாடங்களில் அடுத்தடுத்து அதைக் கண்டேன்.

இப்போது நம் வீடுகளுக்கு வருகிறேன். ஊரடங்கு போய்விட்டது, காணொலி போகவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் குடும்பங்களில் மாலைத் தனிப்பயிற்சி பெரும்பாலும் திரையில்தான் நடக்கிறது. வரலாற்றுப் பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் பிள்ளையைப் பெற்றோர் பெருமையோடு எனக்குக் காட்டியிருக்கிறார்கள். காணொலியைத் தடுக்க வேண்டா. பார்த்து முடித்ததும் பத்து நிமிடம் அந்தப் பிள்ளை உங்களுக்குப் பாடம் சொல்லட்டும். உங்களுக்கு அப்பாடம் தெரியாதே என்று தயங்க வேண்டா. தெரியாதவர்தான் நல்ல மாணவர். இடையிடையே ஐயம் எழுப்புங்கள், மறுத்துப் பேசுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் அமர வையுங்கள்.

அறக்கட்டளையினரிடம் ஒரு விண்ணப்பம். வரும் கோடை விடுமுறையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நம் பிள்ளைகளைப் போளூர் அருகிலுள்ள திருமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சோழர் பாடத்தில் வரும் குந்தவையின் பெயரால் அங்கே குந்தவை ஜினாலயம் இருக்கிறது. ஏறத்தாழ 16 மீட்டர் உயர நேமிநாதர் பாறையில் நிற்கிறார். குகையில் பழைய ஓவியங்கள் உள்ளன. போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். இணையத்திலோ நூலிலோ தேடிப் படிப்பது அவர்கள் பொறுப்பு. அங்கே போனதும் வழிகாட்டி வேண்டா. பிள்ளைகள் சொல்ல, பெரியவர்கள் கேட்பார்கள். மேடையேறுமுன் தலைவர் அவர்களிடம் இதைச் சொன்னேன். பேருந்துச் செலவை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். எழுதித் தருகிறேன். மே மாதப் பாறை சுடும். காலை ஏழு மணிக்கே படியேறத் தொடங்கிவிட வேண்டும் என்பதை மட்டும் பெற்றோர் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.