தங்கம் கலத்துக்குள் போகும் வழி

(தர்மபுரத்தில் நடந்த எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"தங்கத்தாலே புற்றுநோய் மாறுமாமே, உண்மையோ?" என்று எங்களிடம் முதலில் கேட்டவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. கைத்தொலைபேசியில் வந்த செய்தியாம். தங்க பஸ்பத்தையும் இதோடு சேர்த்துக் கதைக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

இது நனோ துணிக்கை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நனோமீற்றர். இலங்கையில் வேர்கொண்ட விஞ்ஞானி தேவிகா சித்ராணி, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் ஆய்வுகூடத்தில், கலம் எந்த அளவுத் துணிக்கையைக் கூடுதலாக உள்ளெடுக்கிறது என்று அளந்தார். 2006இல் முடிவு வெளிவந்தது. பயன்படுத்தியவை ஹீலா கலங்கள். 1951இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த ஹென்றியெட்டா லக்ஸ் என்ற தாயின் கட்டியிலிருந்து, அவரைக் கேளாமலே எடுத்து வளர்த்தவை அவை. (அந்தக் கதைக்கே தனியாக ஒரு உரை வேண்டும்.) 50 நனோமீற்றர் துணிக்கைகள் ஒரு கலத்துக்குள் 6,000க்கு மேல் போயின. 14இலும் 74இலும் ஏறத்தாழ அதில் பாதிதான்.

கலமென்சவ்வில் வாங்கிகள் உண்டு. துணிக்கையில் ஒட்டிய புரதம் அவற்றில் பொருந்தியதும் மென்சவ்வு குழிந்து, துணிக்கையைச் சுற்றி மூடி, சிறு பையாக உள்ளே இழுக்கிறது. மிகச் சிறியது தனியே மென்சவ்வை வளைக்காது. பெரியதைச் சுற்றி மூட வாங்கிகள் நிறைய வேண்டும். வேகமாகப் பெருகும் புற்றுக்கலங்கள் பலவற்றுக்கு இரும்பு கூடத் தேவை. ஆகவே இரும்பைக் காவும் திரான்ஸ்பெரின் புரதத்துக்கான வாங்கிகளும் அவற்றில் கூட. அந்தப் புரதத்தைத் தங்கத்தில் பூசிவிட்டால், கலம் தன் பசியாலேயே தங்கத்தை விழுங்கும். உள்ளே போன தங்கம் கதிர்ச்சிகிச்சையின் தாக்கத்தை அவ்விடத்தில் கூட்டும் என்பது ஆய்வாளரின் எதிர்பார்ப்பு.

இதெல்லாம் ஆய்வுகூடத் தட்டில். உடம்பில் கதை வேறு. 2016இல் சானின் குழுவே பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏற்றிய பலவகை நனோ துணிக்கைகளில் கட்டியை அடைந்தது, நடுப்பெறுமானமாக, 0.7 சதவீதம். ஈரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. கலத்தின் வாசல் வரை போய்ச் சேருவதே பெரும்பாடு.

எங்கள் தோழிக்கும் அதே பாடுதான். மார்பிலிருந்த கட்டியை எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. கூலிவேலை, பிள்ளையின் பரீட்சை, பரந்தன் போய் ஏ9இல் ஏறித் தெல்லிப்பழை மட்டும் போகிற தூரம். தங்கச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்றுதான் கடைசியில் கேட்டாள். அது இன்னும் எந்த வைத்தியசாலையிலும் வழமையான சிகிச்சையாகவில்லை. கட்டி சிறிதாக இருக்கையில் செய்யும் சத்திரசிகிச்சை தெல்லிப்பழையில் இருக்கிறது, காசில்லாமல்.

அடுத்த மாதம் அங்கே போக ஒரு வான் ஒழுங்கு செய்திருக்கிறோம். ஏன் வருகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டோம்.