குளிர் வேண்டாம், ஈரத்தை மட்டும் எடு

நவம்பர் மாதம், சென்னை, ராத்திரி பதினோரு மணி. மழை இப்போதான் விட்டிருக்கு. வெக்கை இல்லை, ஆனா தலையணை பிசுபிசுன்னு இருக்கு. ஏசியை 26-ல வெச்சா, ரூம் ஏற்கெனவே கிட்டத்தட்ட அந்த அளவில் இருப்பதால் கம்ப்ரசர் சீக்கிரமே நின்றுவிடும். அது நின்றால் ஈரம் எடுப்பதும் நிற்கும். உடனே நாம என்ன பண்றோம்? 20-க்கு இறக்கிட்டு, கம்பளியைப் போர்த்திக்கிட்டுத் தூங்குறோம். நானும் பல வருஷம் இதைத்தான் பண்ணேன், கரண்ட் பில்லும் கட்டினேன்.

இத்தனைக்கும் நவீன ஏசி பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, கலர்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் ஒரு மெஷினை வடிவமைத்தார். குளிர்ந்த குழாய் மேல் காற்றை விட்டால், ஈரம் தண்ணீராகச் சொட்டும். நம்ம வீட்டு ஏசியும் இன்றைக்கு அதைத்தான் செய்யுது.

இதில் என்ன சிக்கல்? ரூம் 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கணும்னா, குழாய் சுமார் 14 டிகிரிக்கும் கீழே போகணும். அதாவது, தேவைக்கு மேல் குளிரவைத்தால்தான் ஈரம் போகும். சில பெரிய கட்டடங்களில் அப்படிக் குளிர்ந்த காற்றைத் திரும்பச் சூடாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். குளிரவைக்க ஒரு செலவு, சூடாக்க இன்னொரு செலவு!

சரி, வேற வழி இருக்கா? நம்ம அடுக்களையிலேயே இருக்கு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விட்டு நிற்குமே, அதேதான். லித்தியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு உப்புகள் சமையல் உப்பைவிடப் பல மடங்கு தாகம் கொண்டவை. இவற்றின் அடர்த்தியான கரைசல் மேல் காற்றை விட்டால், ஈரத்தை உறிஞ்சிக்கும். இதுதான் லிக்விட் டெசிகன்ட். உறிஞ்சும்போது வெப்பம் வெளிப்படும். அதைக் கூலிங் டவர் தண்ணீரே எடுத்துவிடலாம். பிறகு கரைசலைச் சுமார் 60, 70 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரம் வெளியேறி மறுபடியும் தயார். அந்தச் சூட்டுக்கு மொட்டைமாடி சோலார் ஹீட்டரே போதும்.

எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான்: பகல் வெயிலில் காய்ச்சிய கரைசலைத் தொட்டியில் மூடி வெச்சா, ராத்திரி பயன்படுத்தலாம். சூடாக வைத்திருக்கவே தேவையில்லை. உப்பாலான பேட்டரி!

அப்போ ஏன் நம்ம வீட்டில் இல்லை? உப்புக்கரைசல் இரும்பையும் செம்பையும் அரிக்கும். துளி காற்றோடு கலந்து ரூமுக்குள் வரக்கூடாது. அதனால் பிளாஸ்டிக் தகடுகள், நீராவியை மட்டும் விடும் சவ்வுகள் என்று விலை ஏறுது. பம்ப், தொட்டி, பராமரிப்பு வேற. மருந்துத் தொழிற்சாலை மாதிரி இடங்களில் பல காலமாக ஓடினாலும், வீட்டு அளவில் இன்னும் பரவலாகவில்லை.

ஆனா இது வெறும் சொகுசு மேட்டர் இல்லை. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. கடலோர ஊர்களில் வெயிலைவிட இதுதான் ஆளைச் சாய்க்கும். ஏசி வாங்க முடியாதவர்களுக்கும் கட்டுப்படியாகிற மாதிரி, ஈரத்தை மட்டும் மலிவாக எடுக்க யாராவது வழி கண்டுபிடிக்கணும். கேட்டுக்கிட்டு இருக்கிற மெக்கானிக்கல், கெமிக்கல் மக்களே, உங்களைத்தான் சொல்றேன்!

அதுவரைக்கும், இன்னைக்கு ராத்திரி ரிமோட்டில் 'டிரை' மோடு இருக்கான்னு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.