பறையும் நேர்முகத் தேர்வும்



விண்ணப்பப் படிவத்தில் ‘பொழுதுபோக்கு’ என்னும் இடத்திற்கு வந்ததும் நம் பிள்ளைகள் சிலருடைய பேனா நின்றுவிடுகின்றது. உண்மையில் அவர்கள் மாலை வேளைகளில் பயில்வது பறை. அதை எழுதலாமா, கூடாதா என்பதே அவர்களுடைய ஐயம். “பட்டம் பெற்ற பிறகும் பறையைப் பற்றியா சொல்லுவாய்?” என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்கின்றனர்.

அப்பெரியவர்களின் சினத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் உடனே போக வேண்டும். கொடுத்ததைக் கூலி என்று வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் வசையும் அடியும் கிடைக்கும். அந்தக் கட்டாயத்தை உதறுவதற்காகவே பல ஊர்களில் நம்மவர் இனிப் பறையைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டனர். அவ்வுறுதி இல்லையேல், இன்று விண்ணப்பம் எழுதும் பிள்ளை எங்கோ ஒரு பாடைக்கு முன்னால் நின்றிருப்பான்.

ஆயினும் கட்டாயம் வேறு, கருவி வேறு. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகின்றது. முருகனுக்குரிய குறிஞ்சி நிலத்துப் பறையைத் தொண்டகம் என்பர். தணிகை மலையடியில் வாழும் நம்முள் எத்தனை பேர் இதனை அறிவோம்? 2025ஆம் ஆண்டில் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரை அவர் இதழின் முகப்பிலேயே அச்சிட்டார். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் சார்பில் அமர்ந்தவரும் அவரே.

இனித் தேர்வுக்கு வருவோம். மைய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றிற்கு 2016 சனவரி முதல் நேர்முகத் தேர்வே இல்லை. ஆகவே அங்கு இக்கேள்வி எழாது. குடிமைப் பணித் தேர்விலோ எழுத்துத் தேர்வுக்கு 1,750 மதிப்பெண், ஆளுமைத் தேர்வுக்கு 275. படிவத்தில் நாம் எழுதிய பொழுதுபோக்கிலிருந்தே அங்குக் கேள்வி பிறக்கக்கூடும். ‘நூல் வாசித்தல்’ என்று பொய்யாக எழுதியவன், அண்மையில் என்ன வாசித்தாய் என்ற கேள்வியிலேயே தடுமாறிப் போவான். பறையைக் கற்றவனோ அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவான். அத்தகைய இடத்தில் எழுதுக என்பதே நம் கருத்து. ஆனால் மேடையில் ஒருநாள் தட்டிப் பார்த்தவன் எழுத வேண்டா.

தனியார் நிறுவனத்தில் ஒரே ஒருவர் முன் அமர்ந்து, அவர் மனம் வைத்தால்தான் வேலை என்னும் நிலை வேறு. அவர் கேட்கவில்லையெனில் நாமாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பெரிய வேண்டிய வீட்டுப் பிள்ளை அங்கு வாய் மூடியிருந்தால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கருவியின் பெயரைக் கேட்டதும் சாதியைக் கணக்கிடும் மனிதர்கள் இன்னும் இருக்கின்றனர்.

எழுதுகின்றவர் ஆயத்தமாகச் செல்லல் வேண்டும். தோலைத் தீயில் ஏன் காய்ச்சுகின்றோம் என்று கேட்கலாம். ஈரத்தால் தளர்ந்த தோல் சூட்டில் இறுகி ஓசை தெளிகின்றது என்று சொல்லுக. வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சியும் ஏன் என்று கேட்கலாம். ஊரைப் பற்றியும் கேட்பர். 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்தோடு இணைந்த வரலாற்றைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

“சாவுக்கும் அடிப்பீர்களா?” என்ற கேள்வியும் வரலாம். இதற்கு முகம் கறுக்க வேண்டா, குரலை உயர்த்தவும் வேண்டா. “கட்டாயத்திற்கு அடிப்பதில்லை ஐயா, கற்றிருக்கின்றேன், விரும்பி வாசிக்கின்றேன்” என்றால் போதும். தேர்வுக் குழுவில் தெலுங்கர் இருந்தால் ‘டப்பு’ என்றதுமே விளங்கிக்கொள்வார். வடநாட்டவர்க்கு விளங்காது; அவர்களுக்கென்று இரண்டு வாக்கியங்களை இன்றே எழுதி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அவற்றை எழுதிக் கொண்டுவந்தால் நாம் திருத்தித் தருவோம்.